ஏழு வளைவுக்கு ஏழு ‘பைய’

ஆமினா பீவி கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அவள் வாயில் தேய்ந்துபோன சொல் ஒன்று உண்டென்றால் அது ‘பைய’. கடையநல்லூர்ப் பக்கத்தில் மெதுவாக என்பதற்கு அதுதான் பேச்சு. பைய வா, பைய எடு, பைய ஊத்து. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அந்தச் சொல் சட்டென்று பிடிபடாது. மருமகள் தமன்னா வீட்டுக்கு வந்த புதிதில், மாமி தன் மகனைத்தான் ‘பையா, பையா’ என்று கொஞ்சுகிறார் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விஷயம் தெரிந்து வீடே சிரித்தது.

அந்தச் சொல்லில் பத்துக்கு ஒன்பது பங்கு புருஷன் ஜலாலுதீனுக்குத்தான் செலவானது. நல்ல மனுஷன். தொழுகை தவறாது, சிகரெட் கிடையாது, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் என்ன ஆகுமோ, பின்னால் புலி துரத்துகிற மாதிரி ஓட்டுவார். கேட்டால், “லேட்டாச்சு லா” என்பார். முப்பத்தாறு வருஷமாக அந்த மனுஷனுக்கு லேட்டாகிக்கொண்டே இருக்கிறது. எதற்கு என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

தொழில் கீரை வியாபாரம். சிராங்கூனில் வீடு. விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு வேனை எடுத்தால், தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் பண்ணைகளுக்குப் போய்த் தண்டுக்கீரை, முருங்கைக்கீரை, காங்கோங் எல்லாம் ஏற்றிக்கொண்டு தேக்காச் சந்தைக்குத் திரும்ப வேண்டும். கடைக்காரர்களுக்கு ஏழரைக்குள் கீரை இறங்கியாக வேண்டும். எட்டு மணிக்கு வந்து நின்றால், “என்ன பாய், மத்தியானச் சாப்பாட்டுக்கா கொண்டு வந்தீங்க?” என்று கேட்பார்கள்.

எக்ஸ்பிரஸ்வேயில் அங்கங்கே கேமரா. அதனால் அங்கே ஜலாலுதீன் பிள்ளைப்பூச்சி. பண்ணைப் பக்கம் திரும்பியதும் கேமரா கிடையாது, சிக்னல் கிடையாது, வண்டியும் அதிகம் கிடையாது. “ஹைவேல விட்டதை இங்கதான் பிடிக்கணும்,” என்று காலை அழுத்துவார்.

எப்பேர்ப்பட்ட ரோட்டில் என்று பாருங்கள். இரண்டு வேன் எதிரெதிரே வந்தால் ஒன்று புல்லில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். நெடுக லோங்காங், மழைத் தண்ணீர் ஓடுகிற இடுப்பளவு வடிகால். மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் ராணுவ லாரி வருகிறதா, நாய் படுத்திருக்கிறதா, ஆள் நடந்து வருகிறானா, ஒன்றும் தெரியாது. நாற்பதுக்கு மேல் போகாதே என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக் கொடி படர்ந்துகிடக்கிறது.

“பழகின ரோடு,” என்பார் ஜலாலுதீன். ஆபத்தே அதுதானே? பழகாத ரோட்டில் மனுஷன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான். பழகின ரோட்டில் கை தானாக ஓட்டும், மனசு அதற்குள் தேக்காவில் கீரை இறக்கிக்கொண்டிருக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இடப்பக்கக் கண்ணாடி இல்லாமல் வேன் வீட்டுக்கு வந்தது. “குரங்கு குறுக்க வந்துடுச்சு,” என்றார். கண்ணாடி இருக்கிற உயரத்துக்குக் குரங்கு எப்படி வந்தது என்று ஆமினா பீவி கேட்கவில்லை. மறுநாள் காலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு?”

“அழுகல் கீரையா ஏத்திவிட்டுடுறான். நான் பார்த்து எடுக்கேன்.”

அழுகல் கீரையை அவள் பார்த்ததும் உண்மைதான். ஆனால் வேனில் உட்கார்ந்த நேரமெல்லாம் அவள் பார்த்தது வேக முள்ளை. பண்ணை வாசலிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் ஏழு வளைவு. மீன்பண்ணை கேட், நாய் வளைவு, உடைந்த பாலம் என்று ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ‘பைய’. ஏசிக் காற்று பட்டால் அவளுக்குத் தலைவலி வரும், அதனால் அவள் பக்கத்து ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். மகன் ஜாஃபர் கேலி செய்வான்: “லாரிக்கெல்லாம் ஸ்பீட் லிமிட்டர் மாட்டச் சொல்றாங்க. அத்தா வேனுக்கு ஏற்கெனவே மாட்டியாச்சு லா. வேலைதான் செய்யல.”

சிரிப்பாள். என்ன செய்வது? ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று பதினோரு வருஷம் ஊதியிருக்கிறாள். வாய் வலித்ததுதான் மிச்சம். சமயத்தில் அவளுக்கே சலித்துப்போகும். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மரத்தையும் காற்றையும் அனுபவித்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் கண்ணை மூடினால் கால் தானாகத் தரையை அழுத்தும், தன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கிடக்கும். அந்த வலிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவரும் ஜலாலுதீன்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் மழை. பண்ணையில் கீரை பிடுங்கத் தாமதமாகி, ஏற்றி முடிக்கும்போது ஏழு பத்து. வெள்ளிக்கிழமை தேக்காவில் கீரைக்கு இருக்கும் அடிபிடி தெரிந்ததே. ஜலாலுதீனின் ஃபோன் அதற்குள் மூன்று தடவை அடித்துவிட்டது. அன்று மத்தியானம் ஜும்ஆத் தொழுகை வேறு.

மீன்பண்ணை கேட்டில் ஒரு ‘பைய’ சொன்னாள். “தெரியும், தெரியும்,” என்றார். நாய் வளைவில் ஒன்று. உடைந்த பாலம் தாண்டியதும் கொஞ்ச தூரம் நேர் ரோடு. முள் அறுபதைத் தாண்டி எழுபதைத் தாண்டியது. முன்னால் இடது ஓரமாக ஒரு பங்களாதேஷ்காரப் பிள்ளை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். பின்னால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியைக் கட்டியிருந்தான். ஜலாலுதீன் வேகத்தைக் குறைக்காமலேயே அவனைக் கடக்கப் போனார். ஆமினா பீவியின் கால் தானாகத் தரையை அழுத்தியது. பதினோரு வருஷத்தில் இல்லாத சத்தத்தில் கத்திவிட்டாள்.

“பைய! பைய!”

சைக்கிளில் போனவன் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். தலை திரும்பிய பக்கம் கையும் திரும்பியது, கை திரும்பிய பக்கம் சைக்கிளும் வந்தது. இடப்பக்கக் கண்ணாடி எதிலோ மோதிய சத்தம். அவ்வளவுதான். வேன் ஈர ரோட்டில் வழுக்கி, அறுபது எழுபது அடி தள்ளிப் போய் நின்றது.

அவள் இறங்கி ஓடினாள். சைக்கிள் புல்லில் கிடந்தது. பெட்டி உடைந்து பரோட்டாப் பொட்டலங்கள் ரோடெல்லாம் சிதறியிருந்தன, கூட வேலை செய்கிறவர்களுக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவன் லோங்காங்கில் கிடந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கீரைக்குப் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்து வந்து காயத்தில் வைத்து அழுத்தினாள். அவன் மேலே பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்:

“ஆன்ட்டி, கூப்பிட்டீங்களா?”

பிள்ளைக்குத் தலையில் அடிபட்டு ஏதோ உளறுகிறான் என்று நினைத்தாள். “பேசாதப்பா, ஆம்புலன்ஸ் வருது, பேசாத,” என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. ஜலாலுதீன் முகம் வெளிறி நின்றார். “நாப்பதுலதான் வந்தேன் சார். அவன்தான் சடார்னு ரைட்ல வெட்டிட்டான்,” என்று அவர் சொன்னதைப் புல்லில் உட்கார்ந்தபடி ஆமினா பீவி கேட்டாள். வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் தெம்பில்லை. வேனைப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார்கள். அவளை வருகிற செவ்வாய்க்கிழமை வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார்கள்.

இரண்டு நாள் பொறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் குழம்பும், அவள் பேச்சில் மீன் ஆணம், சோறும் கட்டிக்கொண்டு, புருஷனிடம் சொல்லாமல், எம்ஆர்டி ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளைக்கு ஃபஹத் என்று பெயர். இருபத்தாறு வயசு. இரண்டு எலும்பு முறிந்து காலில் தகடு வைத்திருந்தார்கள். தமிழ் பேசினான். குவீன்ஸ்டவுனில் கட்டட வேலை செய்தபோது கூட இருந்த தஞ்சாவூர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டதாம். மீன் ஆணத்தை முகர்ந்து பார்த்துச் சிரித்தான். எங்கள் அம்மாவும் இப்படித்தான் புளி அதிகம் போடுவார் என்றான்.

“ஆன்ட்டி நல்ல ஆளு,” என்றான். “நீங்க கூப்பிட்டீங்க. நான்தான் தப்பாத் திரும்பிட்டேன்.”

“நான் எப்பப்பா உன்னைக் கூப்பிட்டேன்?”

“கத்துனீங்களே, ‘பையா, பையா’ன்னு. எங்க பாஷைல பையான்னா அண்ணன்.” கொஞ்சம் வெட்கத்துடன் சிரித்தான். “இந்த ஊர் ரோட்ல யாரு ஆன்ட்டி எங்களை அண்ணன்னு கூப்பிடுறாங்க? அதான் உடனே திரும்பிட்டேன்.”

ஆமினா பீவிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. தன் புருஷனைப் பார்த்துச் சொன்ன சொல் ஜன்னல் வழியாகப் போய் இந்தப் பிள்ளையின் காலை முறித்திருக்கிறதா? யா அல்லாஹ், யாருக்குச் சொன்னது, யாருக்குப் போய்க் கேட்டது! கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, கேட்க வேண்டாதவன் கேட்டுவிட்டான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஃபஹத்தான் அவளைத் தேற்றினான்.

“போலீஸ்ட்டயும் அப்படியே சொல்லிட்டேன் ஆன்ட்டி, நான்தான் ரைட்ல போயிட்டேன்னு. சூப்பர்வைசர் சொல்றாரு, என் தப்புன்னு எழுதிட்டாங்கன்னா கால் ஆறுனதும் ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். பரவால்ல. என்ன செய்ய?”

பரவாயில்லை என்று அவன் சொன்ன விதம் வழியெல்லாம் அவளுடன் வந்தது. சிராங்கூனில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

சாயங்காலம் பாசிர் ரிஸிலிருந்து ஜாஃபரும் தமன்னாவும் வந்திருந்தார்கள். ஆமினா பீவி நடந்ததைச் சொன்னாள். கேட்டதும் புருஷன் தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தாள். ஜலாலுதீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

இறைவனுக்கு நன்றி சொல்கிற அந்த வார்த்தையை அந்த இடத்தில் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை, தாடியை வழிக்கவில்லை. “லைசென்ஸ் போனா நான் யாரு ஆமினா?” என்றார். “அறுபத்துமூணு வயசுல எவன் என்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பான்? வீட்ல உக்காந்து ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருக்கவா? அவனே சொல்லிட்டான், நீ கூப்பிட்டன்னு. நீயும் ஆமான்னு சொன்னா முடிஞ்சிடுச்சு.”

“அம்மா, பொய் சொல்ல வேணாம்,” என்றான் ஜாஃபர். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவன், பேச்சு கச்சிதமாக வரும். “‘நான் சத்தம் போட்டேன், அவரு திரும்பினாரு.’ அவ்ளோதான், அது உண்மைதானே? ஸ்பீட் கேட்டா, ‘கவனிக்கல’ன்னு சொல்லுங்க. டிரைவிங் தெரியாதவங்கதானே நீங்க, யூ டோன்ட் ஹேவ் டு நோ.”

ஆமினா பீவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே தமன்னா வந்தாள். பாத்திரத் தொட்டியருகே நின்று கேட்டாள்.

“மாமி, நீங்க ‘பைய’ன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“ஃபஹத்துக்கும் எனக்குக் கேட்ட மாதிரியே கேட்டிருக்கு.”

பாத்திரத்தை எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள்.

திங்கள் முழுக்க ஆமினா பீவிக்கு வேலை ஓடவில்லை. தராசின் ஒரு தட்டில் புருஷன், ஒரு தட்டில் யார் பெற்ற பிள்ளையோ. இவர் தன் காலுக்குத் தைலம் தேய்த்தவர். அவன் தன்னை நம்பித் திரும்பிப் பார்த்தவன். ஒரு வார்த்தைக்கு ஆமாம் போட்டால் வேன் திரும்பி வரும், நாளைக்கே மறுபடி ஏழு வளைவு, ஏழு ‘பைய’. நினைத்தபோதே கெண்டைக்கால் வலித்தது. போதும்டா சாமி என்றிருந்தது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை இருவரும் பஸ்ஸில் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். வாக்குமூலம் எழுதுகிற அறையில் அவளை மட்டும் உட்கார வைத்தார்கள். ஜலாலுதீன் வெளியே பெஞ்சில் இருந்தார். அதிகாரி தமிழ்ப் பிள்ளைதான், தனசேகரன் என்று சட்டையில் இருந்தது. முப்பது வயசுகூட இருக்காது. தண்ணீர் கொடுத்தான், ஏசி குளிருகிறதா என்று கேட்டான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“ஃபஹத் ஒண்ணு சொல்லியிருக்காரு ஆன்ட்டி. நீங்க ‘பையா’ன்னு அவரைக் கூப்பிட்டீங்களாம். அதைக் கேட்டுத்தான் திரும்பினாராம். சரிதானா?”

தலையை ஆட்டினால் போதும். அவள் மேசையைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் புருஷன் இருமியது கேட்டது. முப்பத்தாறு வருஷமாகக் கேட்கிற இருமல்.

“பையா இல்ல தம்பி,” என்றாள். “பைய.”

தனசேகரன் நிமிர்ந்தான். “ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல. நான் சொன்னது எங்க ஊர்ப் பேச்சு. மெதுவான்னு அர்த்தம்.”

“ஓ. நான் கேள்விப்பட்டதே இல்ல.” தட்டெழுதப் போனவன் நிறுத்தினான். “இதை எப்படி ஸ்பெல் பண்றது?”

“எப்படியாவது எழுதிக்குங்க. பக்கத்துல அர்த்தத்தையும் எழுதிடுங்க.”

“சரி. அப்ப, சைக்கிள்காரரை மெதுவாப் போகச் சொன்னீங்களா?”

“அந்தப் பிள்ளை பாட்டுக்கு ஓரமாப் போயிட்டு இருந்துச்சு. அதை ஏன் நான் சொல்லப்போறேன்? எங்க வீட்டுக்காரரைச் சொன்னேன்.”

“ஆனா அங்கிள், நாப்பதுலதான் வந்தேன்னு சொல்லியிருக்காரு.”

ஆமினா பீவி ஒரு பெருமூச்சு விட்டாள். கோபம் இல்லை அவளுக்கு. பதினோரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை இறக்கி வைக்கிறவளின் களைப்புதான் இருந்தது.

“தம்பி,” என்றாள், “நாப்பதுல போற ஆளைப் பார்த்து யாராவது ‘பைய, பைய’ன்னு கத்துவாங்களா?”

தனசேகரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெல்லக் கேட்டான். “எவ்வளவு வேகம்னு தெரியுமா ஆன்ட்டி? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், தப்பில்ல.”

“தெரியும்,” என்றாள்.

சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஜலாலுதீன் எழுந்து நின்றார்.

“என்ன கேட்டாரு?”

“அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“‘பைய’ன்னு சொன்னேன்னேன்.”

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அவ்ளோதானா?”

“அர்த்தம் கேட்டாரு. அதையும் சொன்னேன்.”

ஜலாலுதீன் திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தார். கத்துவார், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்பார் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கத்தவில்லை.

“எவ்வளவுன்னு சொன்ன?” என்று கேட்டார்.

“எழுபத்து நாலு.”

“எழுபத்து நாலா?” உண்மையிலேயே திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். “நான் பார்க்கல ஆமினா. சத்தியமா நான் முள்ளைப் பார்க்கவே இல்ல.”

“தெரியும்,” என்றாள் ஆமினா பீவி. “அதைப் பார்க்கத்தானே பதினோரு வருஷமா நான் கூட வந்தேன்.”